காட்டுவழிக்குத் துப்பாக்கி துணையாகுமா?

குட்வில் எஸ்டேட்டில் வாழும் நம் குடும்பத்தார் சிலர், தோட்டத்திற்கும் ஓடைக்கும் சென்று வருங்கால் தற்காப்பிற்கென ஒரு துப்பாக்கி வாங்கலாமா, வாங்குவதாயின் எவ்வகை நன்று என்று வினவுகின்றனர். மனைவி மக்களின் நலன் கருதி எழுந்த கேள்வியாதலின், இதனை நாம் ஆர அமர ஆராய்தல் வேண்டும்.

முதற்கண், நாம் அஞ்சுவது எதற்கு? அந்தமான் காடுகளில் புலியில்லை, சிறுத்தையில்லை, கரடியுமில்லை. இங்குள்ள பகைகள் உவர்நீர் முதலையும் பாம்புமே. முதலையோ நீருக்கடியிலிருந்து நொடிப்பொழுதில் பாய்வது. தோளில் தொங்கும் துப்பாக்கியை எடுக்க அது நேரம் தராது. காலடியில் கிடக்கும் நாகத்தை இருளில் சுட முயல்வோன் தன் காலையே சுட்டுக்கொள்ளக்கூடும்.

அடுத்து, சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். தற்காப்பிற்கென அச்சட்டம் தனித்துக் குறிப்பிடுவது, 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியையே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, உயிர்காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்லுதல் குற்றமன்று என்கிறது. ஆயினும், அச்சட்டத்தை மீறிய செயலில் ஈடுபட்டிருந்தவனுக்கு அவ்விலக்கு இல்லை. கொல்லப்பட்ட விலங்கும் அரசின் உடைமையே.

உரிமம் பெற்றே தீர்வேன் என்பார்க்கு, பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே ஏற்றது. அதன் சிறுகுண்டுகள் பரவிச் சென்று அணிமையிலுள்ள இலக்கைத் தாக்கும். கைத்துப்பாக்கி நடுங்கும் கரத்திற்கு உதவாது. ரைபிளின் தோட்டாவோ குறி தவறினால் நெடுந்தொலைவு சென்று அயலான் வீட்டிற்கும் ஊறு விளைக்கும். எத்துப்பாக்கியாயினும் தோட்டாவை நீக்கி, இரண்டையும் வெவ்வேறிடத்தில் பூட்டி வைத்தல் கடமை. முதலையினும் கொடியது, குழந்தையின் கைக்கெட்டும் துப்பாக்கி.

நாம் பரிந்துரைப்பன வேறு. இரவில் டார்ச் விளக்கு, முழங்கால் உயரப் பூட்ஸ், நீண்ட கழி, உடன் ஒரு துணை. அந்திக்குப்பின் ஓடையில் இறங்காதீர். மீன் கழிவைக் கரையில் எறியாதீர். அது முதலையை அழைக்கும். பாம்பு தீண்டினால் கீறுதலும் கட்டுதலும் மந்திரித்தலும் வேண்டா. தீண்டிய உறுப்பை அசைக்காது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இறுதியாக ஒன்று. ஜாரவா மக்கள் இத்தீவுகளின் தொல்குடியினர். அவர்தம் நிலத்துள் அனுமதியின்றிப் புகுதலை 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடுக்கிறது. அவர்களை நினைத்து எவரும் துப்பாக்கி நாடுதல் தகாது. எல்லை தாண்டாதிருத்தலே இருவருக்கும் காவல்.

நம் ஊர்ப்பெயரின் பொருளே நல்லெண்ணம். அதனையும் எச்சரிக்கையையும் கைக்கொண்டால், நம்மில் பலருக்குத் துப்பாக்கி வேண்டியிராது என்பதே நம் துணிபு.