உங்களுக்குத் தெரியுமா? பல ஆர்க்கிட்டுகள் பூக்கக் குளிர்ச்சி வேண்டும்!

● இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டின் மொட்டுகள் பாதி வளர்ந்து அப்படியே உறங்கிக் கிடக்கும். பெருமழை கொட்டி, வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் விழித்துக்கொள்ளும். அங்கிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். பூவின் ஆயுள் ஒரே நாள்!

● பரிசாக வரும் பெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒருமுறை பூத்ததோடு சரி, பிறகு இலை மட்டும்தான் விடுகிறதா? உரத்தைக் கூட்டிப் பயனில்லை. 28 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருந்தால் அது பூந்தண்டு விடாது. சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ கீழேயோ இருக்க வேண்டும். சென்னை மாடித்தோட்டத்தில் அதற்கு மார்கழி, தை மாதங்களை விட்டால் வேறு வழியில்லை. இதற்காகவே தைவான் பண்ணைக்காரர்கள் தொட்டிகளை மலைக்கு ஏற்றினார்கள். குளிரூட்டிய குடில்களும் கட்டினார்கள்.

● பெலனாப்சிஸில் பூந்தண்டு வந்த பிறகு கடும் வெப்பம் நீடித்தால், பூவுக்குப் பதில் தண்டிலேயே குட்டிச்செடி முளைப்பதுண்டு. வளர்ப்பவர்கள் அதைக் ‘கெய்க்கி’ என்பார்கள். பூ போனாலும் செடி லாபம்.

● ஏசி அறையில் வைக்கலாமா? வைக்கலாம். காற்று நேரே படும் இடம் மட்டும் கூடாது. மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

● 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வந்தர்கள், வெப்பநாட்டுச் செடிதானே என்று ஆர்க்கிட்டுகளைப் புழுங்கும் கண்ணாடி வீடுகளில் அடைத்தே ஏராளமாகச் சாகடித்தார்கள். அவற்றில் பல, குளிர்ந்த மலைக்காடுகளிலிருந்து வந்தவை. சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், வெப்பத்தைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்து அவற்றைப் பிழைக்கவைத்தார்.

● சிம்பிடியம் ஆர்க்கிட்டுக்கு, மொட்டு உருவாகும் பருவத்தில் 10 முதல் 15 டிகிரி இரவுக் குளிர் தேவை. ஊட்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மதுரையில் அதை வாங்குவது வீண் செலவு.

● வெயிலுக்கு அஞ்சாதவையும் உண்டு. 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம், முழு வெயில் கேட்கும். சமவெளி வீடுகளுக்கு அதைவிட எளிது, தாய்லாந்திலிருந்து வரும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள். ஆனால், ‘நோபிலே’ வகையா என்று நர்சரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் டென்ட்ரோபியம்தான், குளிர்காலம் இல்லாவிட்டால் பூக்காது.