தக்காளி விதைக்கு வெயில் பகையில்லை

மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பலர் இப்போது தக்காளி விதையை வீட்டுக்குள் சன்னலோரம் வைத்து முளைக்க வைக்கிறார்கள். உறைபனி விலகுவதற்கு ஆறு, எட்டு வாரம் முன்பே அறைக்குள் விதைப்பது குளிர்நாட்டுக்காரர்களின் வழக்கம். அங்கே மண் சில்லிட்டுக் கிடக்கும், வேறு வழியில்லை. நமக்கு அது தேவையே கிடையாது. தக்காளி விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால் போதும். கத்திரி வெயிலை விட்டுவிட்டால், நம் முற்றத்து மண்ணில் அந்தச் சூடு தானாகவே இருக்கிறது.

சன்னலோர நாற்று வெளிச்சத்தைத் தேடியே நெடுநெடுவென நீண்டு, நாலு இலை விடுவதற்குள் சாய்ந்துவிடும். காலை வெயிலும் காற்றும் பட்ட நாற்றோ குட்டையாக, தண்டு தடித்து, அடியில் ஊதா ஓடி நிற்கும். விரலால் லேசாகத் தடவினாலே தக்காளி வாசனை கையில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியானால் எந்த மாதமும் விதைக்கலாமா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். வெப்ப நாட்டில் முளைப்பு சிரமமில்லை. காய் பிடிப்பதுதான் சிரமம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு வெக்கை தணியாமல் இருந்தாலும் மகரந்தம் வலுவிழந்து, பூ காம்போடு உதிரும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், காய் மட்டும் இருக்காது. உரத்தைக் கூட்டிப் பயனில்லை. அதனால் பூக்கும் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். நாற்றுக்கு 25 நாள், நட்ட பிறகு பூக்க ஏறக்குறைய ஒரு மாதம். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இரவு குளிர்வது மார்கழி, தை, மாசியில்தான். பூ அந்த மாதங்களில் வர வேண்டுமானால், ஐப்பசி பாதியிலிருந்து கார்த்திகைக்குள் விதை மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். அடைமழைக் காலமாயிற்றே என்று தயங்க வேண்டாம். நாற்றுக்கு மேலே கூரையாக ஒரு பாலித்தீன் விரிப்பு இருந்தால் சமாளித்துவிடலாம். ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் வெக்கை குறைவதால் அங்கே ஆடி விதைப்பும் கைகொடுக்கும்.

நாற்றங்காலுக்கு மேட்டுப்பாத்திதான் ஏற்றது. நீர் ஒரு நாள் தேங்கினாலும் நாற்றழுகல் வந்துவிடும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நைந்து, முந்தின நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. முன்கூட்டியே செய்யும் விதை நேர்த்திதான் காவல்: கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும்.

இடைவெளி விட்டுக் கோடு கிழித்து, விதையை நெருக்கமில்லாமல் தூவி, மேலே மெல்லிய மணல் போட்டு, வைக்கோலால் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து வைக்கோலை விலக்கிப் பாருங்கள். வளைந்த வெண்தண்டு மண்ணை முட்டிக்கொண்டு, சிலது விதைத்தோலைத் தொப்பியாகச் சுமந்தபடியே வெளிவரும். அன்று மாலையே மூடாக்கை எடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் வாடும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளுத்து நீளும். பிறகு பகல் பதினொரு மணிக்கு மேல் மட்டும் நிழல்வலை போதும்.

வெயிலைவிடப் பெரிய பகை வெள்ளை ஈ. இலைச்சுருள் நச்சுயிரியை நாற்றுப் பருவத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். இளநாற்றில் நோய் தொற்றினால் அந்தச் செடியில் விளைச்சல் என்று ஒன்று இருக்காது. பண்ணைகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய 98 குழிகள் கொண்ட தட்டுகளைப் பூச்சிவலைக் கூடாரத்துக்குள் அடுக்குவது இதற்காகவே. வீட்டில் கண் நெருக்கமான பூச்சிவலைத் துணியை மூங்கில் வளைவின் மேல் போர்த்தி, ஓரங்களை மண்ணால் அணைத்துவிட்டாலே பெரும்பகுதி தப்பும். இதற்கு மட்டும் சோம்பல் படாதீர்கள்.

விதைக்கு எங்கும் அலைய வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம் 1, அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து சடுதிமாற்றத்தால் உருவானது. காம்புப் பக்கம் பச்சை படர்ந்த தட்டை உருண்டைப் பழம். இதன் நன்கு பழுத்த பழத்திலிருந்து விதையைச் சாறோடு எடுத்து இரண்டு நாள் புளிக்க வைத்து, வழவழப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தினால் அடுத்த ஆண்டுக்கு ஆயிற்று. வீரிய ஒட்டு ரகத்தில் இது பலிக்காது. பிள்ளைச் செடிகள் ஆளுக்கொரு குணமாக வரும்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையையும் எடுத்து நாற்றைப் பழக்குங்கள். நடுவது சாயங்காலம்தான். நாற்று நீண்டுவிட்டிருந்தால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி வரை மண்ணுக்குள் போகட்டும். புதைந்த தண்டு முழுக்க வேர் இறங்கும். நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதன்பின் மண் காய்ந்தால் மட்டும்.