இத்தாலியின் முதல் அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலின் கல்லறை
பாந்தியன், ரோம்
(1820–1878)

இந்தப் பெரிய வெண்கலப் பலகைக்குப் பின்னால் அடக்கமாகியிருப்பவர் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் அரசர். பலகையின் மேலே ரோமானியக் கழுகும் சவோய் அரச குடும்பத்தின் சின்னமும் உள்ளன. 'நாட்டின் தந்தை' என்று பொருள்படும் வாசகம் அவர் பெயருடன் பொறிக்கப்பட்டுள்ளது.

1820 மார்ச் 14 அன்று தூரின் நகரில் பிறந்தார். 1849இல் நொவாரா போரில் ஆஸ்திரியாவிடம் தோற்ற தந்தை சார்லஸ் ஆல்பர்ட் முடி துறக்க, சார்டீனியாவின் அரசரானார். பிரதமர் கவூரின் அரசியல் திறமும் கரிபால்டியின் படைவலிமையும் துணைநிற்க, சிதறிக் கிடந்த அரசுகள் இணைந்தன. 1861 மார்ச் 17 அன்று இத்தாலியின் அரசராக அறிவிக்கப்பட்டார். 1866இல் வெனிசும் 1870இல் ரோமும் சேர்ந்தன.

1842இல் ஆஸ்திரிய இளவரசி அடிலெய்டை மணந்தார். 1855ஆம் ஆண்டின் முதல் இரு மாதங்களுக்குள் தாய், மனைவி, தம்பி மூவரையும் இழந்தார். மகள் மரியா பியா போர்ச்சுகலின் அரசியானார். மகன் அமதேயோ 1870 முதல் 1873 வரை ஸ்பெயினின் அரசராக இருந்தார். பின்னாளில், 1869இல், விக்டர் இம்மானுவேல் ரோசா வெர்செல்லானாவை மணந்தார். ரோசாவுக்கு அரசி பட்டம் அளிக்கப்படவில்லை.

1878 ஜனவரி 9 அன்று ரோமின் குவிரினாலே அரண்மனையில் காலமானார். எதிர்ப்புறக் கல்லறையில் அவருடைய மகன் முதலாம் உம்பர்த்தோவும் மருமகள் மார்கரீத்தாவும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

இது இன்றும் வழிபாடு நடைபெறும் தேவாலயம். அமைதி காக்கவும்.