இரு வலையமைப்புகள் ஒன்றாகும்போது

இந்தக் கல்லூரியில் உயர்தரம் முடித்து வெளியேறிய நான், இப்போது இணைய சேவை வழங்கும் நிறுவனமொன்றில் வலையமைப்புப் பொறியியலாளராகப் பணிபுரிகிறேன். "மகள் என்ன செய்றா?" என்று யாராவது கேட்டால் உம்மா, "இன்டர்நெட் கொம்பனியில வேல" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் நானும் அவருக்கு விளக்கியதில்லை. மலர்க்குழுத் தங்கைகள் கட்டுரை கேட்டபோது, அந்த விளக்கத்தையே எழுதலாம் என்று தோன்றியது.

2018 இல் எடிசலாட் லங்கா ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. 2024 ஜூனில் எயார்டெல் லங்காவை டயலொக் நிறுவனம் வாங்கியது. கைபேசித் திரையில் பெயர் மாறுவதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட ஒரு நாள் போதும். ஆனால் இரண்டு நிறுவனங்களின் வலையமைப்புகள் ஒன்றாவதற்கு மாதங்கள், சில இடங்களில் வருடங்கள் செல்லும். ஏன்?

பெரிய சேவை வழங்குநர்களின் உட்பகுதி பெரும்பாலும் எம்.பி.எல்.எஸ் என்ற முறையில் இயங்குகிறது. தரவுகள் சிறுசிறு பொதிகளாகப் பயணிப்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சாதாரண முறையில் வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் பொதியின் முகவரியை வாசித்து வழி தேடும். எம்.பி.எல்.எஸ் முறையில், பொதி வலையமைப்புக்குள் நுழையும் இடத்திலேயே அதன் மீது இலக்கமிட்ட ஒரு சீட்டு ஒட்டப்படும். நடுவிலுள்ள ரவுட்டர்கள் சீட்டை மட்டும் பார்த்து, அதை எடுத்துவிட்டு வேறொரு சீட்டை ஒட்டி அடுத்த ரவுட்டருக்கு அனுப்பும். இந்த முறையின் அடிப்படை ஆவணம் 2001 இல் வெளியானது. ஒரு வங்கியின் கிளைகளையோ ஒரு வைத்தியசாலையின் பிரிவுகளையோ மற்றவர்களின் போக்குவரத்துடன் கலக்காமல் தனிப் பாதையில் இணைப்பதற்கு இது பெரிதும் பயன்படுகிறது.

இரண்டு வலையமைப்புகளிலும் ஒரே சீட்டு இலக்கம் இருந்தால் குழப்பம் வராதா? வராது. தரம் 10 ஏ வகுப்பிலும் பன்னிரண்டாம் இலக்க மாணவி இருக்கிறார், 10 பீ வகுப்பிலும் இருக்கிறார். வரவு எடுக்கும்போது யாரும் குழம்புவதில்லை. அதுபோலச் சீட்டு இலக்கத்துக்கும் அடுத்தடுத்த இரண்டு ரவுட்டர்களுக்கிடையில் மட்டுமே பொருள் உண்டு.

குழப்பம் முகவரிகளில்தான் வருகிறது. 10 என்ற எண்ணில் தொடங்கும் முகவரிகளை எவரும் தம் உள்வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது விதி. ஆகவே இரண்டு நிறுவனங்களும் தத்தம் ரவுட்டர்களுக்கு அவற்றையே கொடுத்திருக்கக்கூடும். ஒன்றாக இணைத்தால் ஒரே முகவரிக்கு இரண்டு சொந்தக்காரர். இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்யும்போது இரு வீட்டிலும் ஒரு பாத்திமா இருப்பதைப் போன்றது இது. வாடிக்கையாளர்களின் முகவரிகளுக்கு எம்.பி.எல்.எஸ் இல் முன்பே வழி இருக்கிறது. வரவு இடாப்பில் பாத்திமாக்களை முதலெழுத்துகளால் வேறுபடுத்துவது போல, ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் ஓர் அடையாள எண் சேர்க்கப்படும். ரவுட்டர்களின் சொந்த முகவரிகளுக்கு அந்த வசதி இல்லை. மோதுகின்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றவேண்டும்.

அதனால் இணைப்பு படிப்படியாகவே நடக்கும். முதற்படியில் இரு வலையமைப்புகளின் எல்லையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி வாசல் வைக்கப்படும். இது எளிது, பாதுகாப்பானது. ஆனால் 500 வாடிக்கையாளர் என்றால் 500 வாசல்கள் வேண்டும். அடுத்த படியில் வாசல் ஒன்றுதான், எல்லை ரவுட்டர்கள் எல்லோருடைய பட்டியலையும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும். மூன்றாவதில் எல்லை ரவுட்டர் வழியை மட்டும் காட்டும், இரு பக்கத்துக் கடைசி ரவுட்டர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். இந்த மூன்று முறைகளும் 2006 இல் வெளியான ஓர் ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளன. இவற்றுக்குப் பிறகே இரண்டும் முழுமையாக ஒன்றாகும்.

உலக இணையத்தில் ஒவ்வொரு பெரிய வலையமைப்புக்கும் ஓர் அடையாள இலக்கம் உண்டு. அமெரிக்காவின் லெவல் 3 நிறுவனம் 2011 இல் குளோபல் குரோசிங் நிறுவனத்தை வாங்கியது. லெவல் 3 இன் இலக்கம் 3356, குளோபல் குரோசிங்கின் இலக்கம் 3549. பின்னர் 2017 இல் லெவல் 3 நிறுவனத்தையே செஞ்சுரிலிங்க் வாங்கியது. அப்போதும் 3549 என்ற இலக்கம் பாவனையில் இருந்தது. இலக்கத்தை மாற்றினால், அதனுடன் இணைந்துள்ள ஒவ்வோர் அயல் வலையமைப்பும் தன் பக்கத்தில் மாற்றம் செய்யவேண்டும். ஆகவே அவசரப்படாமல் இருப்பது சோம்பல் அல்ல.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இரவில்.

வாடிக்கையாளர்களின் பாவனை குறைந்த நேரத்தில்தான் இவ்வேலை நடக்கும். அன்று வீட்டிலிருந்தே மடிக்கணினியில் இணைந்திருந்தேன். ஒரு மணிக்கு இரு வலையமைப்புகளின் மையங்களையும் புதிய இணைப்பொன்றினால் பொருத்தினோம். சோதனைப் பொதிகள் அனைத்துக்கும் பதில் வந்தது. சந்தோஷப்பட்டேன். இரண்டரை மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் இரவுக் கடமையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "மிஸ், திரை திறக்குது, படங்கள் மட்டும் வருதில்ல" என்றார்.

சிறிய பொதிகள் போயின, பெரியவை போகவில்லை. ஒரு பொதி வழமையாக அதிகபட்சம் 1500 பைட்டு. ஒரு சீட்டு 4 பைட்டு. இரண்டு சீட்டுகள் ஒட்டினால் 1508 ஆகும். புதிய இணைப்பின் ஒரு முனையில் அந்த அளவை உயர்த்தியிருந்தோம். மறுமுனை 1500 இலேயே இருந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே சரி அடையாளம் இட்டது நான்தான். ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு இட்டிருந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்கும்போது மூன்றரை மணி கடந்துவிட்டது. அங்கேயே திருத்திவிடலாம் என்று மனம் சொன்னது. ஆனால் மூன்றரை மணிக்குள் எல்லாம் சரியாக இல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். "மறுமுனையை நான் பார்க்கவில்லை" என்று குழுவிடம் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் தலைமைப் பொறியியலாளர், "சரி, திரும்புவோம். பட்டியல்ல 'இரு முனையும்' என்று எழுதுங்க" என்றார். நான்கு மணிக்குள் எல்லாம் பழையபடி இயங்கியது.

சுபஹுக்கு எழும்பிய உம்மா தேநீருடன் வந்து கேட்டார்.

"வேல முடிஞ்சிட்டா மகள்?"

"இல்ல உம்மா. திரும்பப் பழைய மாதிரியே வச்சிட்டம்."

"அப்ப ராமுழுக்க முழிச்சது வீணா?"

"வீண் இல்ல உம்மா. திரும்பி வர வழி வச்சிருந்ததாலதான் ஆக்கள் காலையில வேல செய்யலாம்."

மறுவாரம் இரு முனையையும் பார்த்த பிறகு மீண்டும் இணைத்தோம். யாரும் அழைக்கவில்லை. எங்கள் தொழிலில் வெற்றி என்பது அதுதான்.

தங்கைகளே, இந்தத் துறைக்குக் கணிதமும் ஆங்கிலமும் வேண்டும். அவற்றைவிட, ஒழுங்காகப் பதிவு வைக்கும் பழக்கமும் பிழையை உடனே ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும். பெற்றோரே, கம்பத்தில் ஏறுவதும் கேபிள் இழுப்பதும்தான் இவ்வேலை என்று எண்ணி உங்கள் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். வீட்டுக் கணக்குக் கொப்பியைப் பிழையின்றி வைத்திருக்கும் பிள்ளை இதையும் செய்வாள்.