முதல் வெளிநாட்டுப் பயணமா? இறங்கியதும் கையில் காசு வேண்டுமே... என்ன செய்யலாம்?

ஏற்காடு மலையில் உள்ள வெள்ளக்கடையில் இருந்து ஒருவர் வேலைக்காக சிங்கப்பூர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையிறங்கி சேலம், அங்கிருந்து திருச்சி, பிறகு சாங்கி விமான நிலையம். கையில் இருப்பது 20,000 ரூபாய். முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை ஒவ்வொரு டாலரும் முக்கியம். அந்தப் பணம் வழியிலேயே கரையாமல் இருக்க என்ன செய்யணும்?

ஊரிலேயே கொஞ்சம் மாற்றுங்கள்

விமான நிலைய கவுன்ட்டர்களில் ரேட் பொதுவாக மோசமாகவே இருக்கும். அதனால் சேலத்திலேயே, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்திலோ வங்கியிலோ கொஞ்சம் சிங்கப்பூர் டாலர் வாங்கிக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் கேட்பார்கள். 50,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் என்றால் வங்கி வழியாகத்தான் செலுத்தணும்.

'கமிஷன் இல்லை' என்ற போர்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். லாபத்தை ரேட்டிலேயே சேர்த்திருப்பார்கள். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, கூகுள் காட்டும் ரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் போகிறவர் அமெரிக்க டாலர் வாங்க வேண்டாம். அங்கே போய் மறுபடியும் மாற்றணும். இரண்டு முறை நஷ்டம்.

எவ்வளவு கொண்டு போகலாம்?

பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ளலாம். இந்திய ரூபாய் நோட்டு என்றால் 25,000 வரை அனுமதி.

கார்டை 'ஆன்' செய்தாச்சா?

பலர் சிக்குவது இங்கேதான். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கி ஆப்பில் ஆன் செய்யணும். ஓடிபி நம் ஊர் சிம்முக்குத்தான் வரும். எனவே இதை முடித்துவிட்டு, ரோமிங்கையும் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

அந்த ஒரு பட்டன்

வெளிநாட்டு ஏடிஎம்மில் கார்டைப் போட்டதும், 'இந்திய ரூபாயில் கணக்கிடவா, உள்ளூர் பணத்திலா?' என்று திரை கேட்கலாம். ரூபாய் என்றால் நமக்குப் புரியுமே என்று அதை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள்!

உதாரணத்துக்கு, ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 டாலர் என்றால் 13,000 ரூபாய். உள்ளூர் பணத்தைத் தேர்வு செய்து, நம் வங்கி 3.5% பிடித்தாலும் 13,455 ரூபாய்தான், ஜிஎஸ்டி தனி. ரூபாயைத் தேர்வு செய்து, அந்த இயந்திரம் 8% கூட்டிப் போட்டால் 14,040 ரூபாய். ஒரே பட்டனில் 585 ரூபாய் காலி. ஹாக்கர் சென்டரில் இரண்டு வேளை சாப்பாட்டுக் காசு அது. கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுப்பது லாபம்.

யுபிஐ இருக்கே?

சிங்கப்பூரின் 'பேநவ்' உடன் யுபிஐ 2023 பிப்ரவரியில் இணைந்தது. இலங்கை, மொரீஷியஸில் 2024 பிப்ரவரியில் யுபிஐ அறிமுகமானது. ஆனால் எல்லா வங்கியிலும், எல்லா கடையிலும் வேலை செய்யும் என்று நம்பிப் போக முடியாது. கூடுதல் வசதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, முதல் இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான நோட்டு, அதில் கொஞ்சம் சில்லறையாக. ஆன் செய்த கார்டு ஒன்று. அது கைவிட்டால் வேறு பையில் இன்னொன்று. இதை எல்லாம் மலையிறங்கும் முன்பே திட்டமிட்டுவிட்டால், சாங்கியில் இறங்கியதும் கவுன்ட்டர் தேடி அலைய வேண்டியதில்லை.