கல ஏவலும் மார்பகப் புற்றுநோயும்

உயிர்கள் யாவும் கலங்களால் ஆயவை. உடலிலுள்ள கலமொன்று தான் வேண்டியவாறு பெருகுதல் இயல்பன்று. வெளியிருந்து வரும் ஏவலைப் பெற்றே அது பிரிகின்றது. அவ்வேவலைக் கலமென்சவ்விலுள்ள வாங்கிப் புரதங்கள் ஏற்று உள்ளே செலுத்துகின்றன. இப்பணியில் தலைமை பூண்டு நிற்பவை கைனேசு எனப்படும் நொதியங்களாம். இவை ஏ.ரீ.பீ. என்னும் சேர்வையிலிருந்து பொசுபேற்றுக் கூட்டமொன்றை எடுத்துப் புரதத்தின்மீது பொருத்துகின்றன. பொசுபற்றேசு என்னும் வேறு நொதியங்கள் அதனை நீக்குகின்றன. பொருத்தலும் நீக்கலும் ஒத்து நடைபெறுமளவும் கலம் கட்டுக்குள் அடங்கி நிற்கும். புரதங்களை ஆளும் இம்முறையைக் கண்டறிந்தமைக்காக எட்மண்டு பிசர், எட்வின் கிறெப்சு என்னும் இருவரும் 1992 ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றனர்.

இவ்வொழுங்கு குலையுமாற்றை ஹேர்–2 என்னும் வாங்கி நன்கு விளக்கும். இதன் உட்பகுதியே ஒரு கைனேசு நொதியமாகும். இதனை ஆக்கும் பரம்பரையலகு 17 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இயல்பான கலத்தில் அவ்வலகின் பிரதிகள் இரண்டே. மார்பகப் புற்றுநோய்கள் சிலவற்றில் அவை பன்மடங்காகப் பெருகிவிடுகின்றன. அப்போது மென்சவ்வெங்கும் செறிந்த வாங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து, ஏவுவாரின்றியே ஏவலை உள்ளே செலுத்துகின்றன. அதனாற் கலம் ஓயாது பிரிகின்றது. இறக்கவேண்டிய வேளையில் இறவாதும் நிற்கின்றது.

1987 ஆம் ஆண்டில், கலிபோணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெனிசு சிலாமனும் அவர்தம் குழுவினரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் நூற்றுக்கு 30 அளவினவற்றில் இப்பெருக்கம் காணப்பட்டது. அத்தகைய கட்டியுடைய பெண்களிடத்து நோய் விரைவில் மீண்டது. அவர்தம் ஆயுளும் குறுகிற்று.

எனினும், கேட்டின் அறிகுறியாகக் கண்ட அதுவே பின்னர் மருந்திற்கு இலக்காயிற்று. ஹேர்–2 இன் வெளிப்பகுதியைப் பற்றி ஏவலைத் தடுக்கும் திரசுற்றுசுமாபு என்னும் பிறபொருளெதிரி, 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சத்திரசிகிச்சைக்குப் பின் இதனை வழங்கினால் நோய் மீளுதல் ஏறத்தாழ அரைவாசியாகக் குறையுமென 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆயின், இதயத் தசைக்கும் ஹேர்–2 இன் ஏவல் வேண்டப்படுவதால், இம்மருந்து சிலரின் இதயத்தைத் தளர்த்துவதுமுண்டு. ஆதலின் மருந்து பெறுவோரின் இதயத்தை இடையிடையே சோதித்தல் அவசியமாகும்.

மார்பகப் புற்றுநோய் என்னும் பெயர் ஒன்றாயினும், அதன்கண் பிழைத்த ஏவல் எல்லோரிடத்தும் ஒன்றன்று. ஹேர்–2 பெருக்கமில்லாத கட்டிக்கு இம்மருந்தால் அத்தகைய பயன் விளைவதில்லை. எந்த ஏவல் பிழைத்ததெனக் கட்டியைச் சோதித்து அறிந்த பின்னரே மருந்தை வகுத்தல் முறையாகும்.