தம் கட்டித் தூக்காதீர்கள்

ஜிம்மில் சேர வருபவரிடம் பெயர், போன் நம்பர், எத்தனை மாதப் பேக்கேஜ் என்றெல்லாம் கேட்கிறார்கள். பிரஷர் உண்டா என்று கேட்பவர் அரிது. வருபவரும் வாய் திறப்பதில்லை. டாக்டரோ “எக்சர்சைஸ் பண்ணுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். எந்தப் பயிற்சி என்று யாரும் சொல்லாததால், ஐம்பது வயதில் மாத்திரை சாப்பிடுபவர் முதல் வாரமே லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறார்.

நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் தசை சுருங்கி விரிந்தபடி இருக்கும். அதிலுள்ள ரத்தக் குழாய்கள் அகலும். பிரஷரின் மேல் எண் ஏறும், கீழ் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பாரத்தை அசையாமல் பிடித்து நிற்பது வேறு சங்கதி. இறுகிய தசை தனக்குள் ஓடும் குழாய்களையே நெரிக்கிறது. உடல் அதை ஈடுகட்டப் பார்க்க, மேல் எண், கீழ் எண் இரண்டும் ஏறுகின்றன. தம் கட்டினால் நெஞ்சுக்குள் கூடும் அழுத்தமும் அதோடு சேரும்.

எவ்வளவு ஏறும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் பழகிய பாடிபில்டர்கள் ஐவரின் கைத் தமனியில் குழாய் செருகி அளந்து, 1985-இல் வெளியிட்டார்கள். லெக் பிரஸ்ஸில் சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350. சில நொடிகள்தான், ஆனால் பலவீனமான ரத்தக் குழாய்க்கு அந்தச் சில நொடிகளே ஆபத்து. நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதை மாடிக்குத் தூக்குவதும், பீரோவை நகர்த்துவதும், கக்கூஸில் முக்குவதும் இதே வகைதான்.

இப்போது போனில் சுற்றும் வீடியோ: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தால் பிரஷர் குறையுமாம். பொய்யில்லை. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த அலசலில், அசையாப் பயிற்சிகள் ஓய்வுநேர மேல் எண்ணைச் சராசரியாக 8 புள்ளி குறைத்தன; ஓட்டம், நடை போன்றவற்றைவிட அதிகம். அது பல வாரங்களில் கிடைத்த பலன். வழக்கமான முறை 2 நிமிடம் இருப்பு, இடையே ஓய்வு, இப்படி 4 முறை, வாரம் 3 நாள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீடியோவைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறுபடி சொல்கிறேன், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுக்குப் போங்கள். அளவும் மாத்திரையும் இலவசம். பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, பீடி, சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்த பிறகே அளக்கச் சொல்லுங்கள்; நின்றபடி, பேசியபடி எடுத்த எண் செல்லாது. ஒரு முறை போதாது, இரண்டு முறை கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள்: அன்றைய அளவு, எடை தூக்கலாமா, எவ்வளவு. அட்டெனொலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சியைக் கூட்டக் கூடாது. இதையும் டாக்டரிடம் கேளுங்கள். சீட்டின் நகல் ஒன்று பயிற்சியாளர் கையில் இருக்கட்டும். மேல் எண் 200-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தாண்டிய நாளில் பயிற்சி கிடையாது. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

அனுமதி கிடைத்தால், நிதானமாக 10, 15 முறை தூக்க முடிகிற எடையே போதும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். தம் கட்டாதீர்கள்.

திடீர்த் தலைவலி, நெஞ்சு இறுக்கம், வாய் கோணல், பேச்சுக் குழறல் வந்தால் ‘கேஸ்தான்’ என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்தும் கொண்டுபோகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அடைப்பால் வந்த பக்கவாதமாக இருந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.